பிக்ஸியா, பிட்எக்ஸா: முதலில் எதைக் கட்டலாம்?

இரண்டுமே ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆர்வலர்கள் வீட்டிலேயே கட்டும் டிரான்ஸீவர்கள், அதாவது அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோக்கள். மோர்ஸ் (புள்ளி, கோடு சங்கேதம்) தெரிந்தவர் என்றால் பிக்ஸி. 2 டிரான்ஸிஸ்டர், ஒலியைப் பெருக்க எல்.எம்.386 என்ற ஐ.சி. ஒன்று, அலைவரிசையைத் தீர்மானிக்க ஒரு கிரிஸ்டல், கூடக் கொஞ்சம் மின்தடை, மின்தேக்கி, சுருள், அவ்வளவுதான். ஒரே மாலையில் சால்டர் செய்து முடிக்கலாம். இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, மோர்ஸ் கீயை அழுத்தும்போது சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயராக இருக்கும் அதே டிரான்ஸிஸ்டர், கீயை விட்டதும், வரும் சிக்னலைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக்கும் மிக்ஸராக மாறி எதிர்முனையின் சிக்னலைக் கேட்க வைப்பதுதான். ஆனால் முன்னால் வேண்டாத சிக்னலைத் தடுக்கும் சரியான ஃபில்டர் இல்லாததால் ராத்திரியில் பக்கத்து ஒலிபரப்பு நிலையங்கள் உள்ளே வந்து விழும், பவரும் ஒரு வாட்டுக்குள்தான், கிரிஸ்டல் சொல்லும் அலைவரிசையை விட்டு அதிகம் நகரவும் முடியாது.

பேசத்தான் ஆசை என்றால் பிக்ஸி உதவாது, அதற்கு பிட்எக்ஸ். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த எஸ்.எஸ்.பி. (குரலை அனுப்பும் ஒரு முறை) டிரான்ஸீவர் இது. கிடைக்காத பாகம் எதையும் கேட்காது, ஆரம்ப வடிவத்தில் குழாய் வாஷரில்கூட சுருள் சுற்றினார்கள்! அதன் ஆம்ப்ளிஃபயர்கள் இரு திசையிலும் வேலை செய்வதால் அனுப்பவும் கேட்கவும் ஒரே கிரிஸ்டல் ஃபில்டர் போதும். ஐ.ஆர்.எஃப்.510 என்ற பவர் டிரான்ஸிஸ்டர் போட்டால் சில வாட் வரும், நல்ல நாளில் 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் தூரத்து ஊர்களோடு தாராளமாகப் பேசலாம். பாகங்கள் பல மடங்கு அதிகம், ஒவ்வொரு கட்டமாகச் சோதித்துக்கொண்டே கட்ட வேண்டும், பொறுமை இல்லாதவர்கள் தொட வேண்டாம்.

என் தேர்வு பிட்எக்ஸ்தான். அப்புறம், எதைக் கட்டினாலும் ஹாம் லைசென்ஸ் கைக்கு வராமல் ஆண்டெனாவில் மாட்டி அனுப்பாதீர்கள்.