கப்பல் கவிழுமா? தொட்டியைக் கேட்பதா, கணினியைக் கேட்பதா

1998 அக்டோபரில், வட பசிபிக் புயலில் ஏபிஎல் சைனா என்ற கண்டெய்னர் கப்பல் பக்கவாட்டில் 35-40 டிகிரி சாய்ந்து சாய்ந்து ஆடியது. நூற்றுக்கணக்கான கண்டெய்னர்கள் கடலில் போயின. இத்தனைக்கும் அலை வந்தது ஏறக்குறைய முன்பக்கமிருந்து!

ஊஞ்சலில் நின்றுகொண்டு உட்கார்ந்து எழுந்தே வேகம் கூட்டுவார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான். கப்பல் நீளத்துக்கு ஒத்த அலையின் முகடு நடுவயிற்றுக்கு வரும்போது, நிமிரும் சக்தி குறைகிறது. பள்ளம் வரும்போது கூடுகிறது. கப்பல் ஒருமுறை ஆடி முடிப்பதற்குள் இது இருமுறை நடந்தால் ஆட்டம் தானாக வளரும். பாராமெட்ரிக் ரோலிங் என்பது இதுதான். அசையாத நீரை வைத்துப் போடும் பழைய நிமிர்வுக் கணக்கு இதைக் காட்டாது. அதனால் போட்டி மற்ற இரண்டு வழிக்கும்தான்: கப்பலின் சின்ன மாதிரியை அலைத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்ப்பது, கப்பலையும் கடலையும் கணினியில் உருவகித்துப் பார்ப்பது.

தொட்டியில் இருப்பது நிஜத் தண்ணீர். மேல்தளத்தில் ஏறும் நீர், பின்னாலிருந்து வரும் அலை தள்ளிக் கப்பல் திரும்பிவிடுவது எல்லாம் தானாகவே நடக்கும். 50-ல் ஒரு பங்கு மாதிரி என்றால் நேரமும் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கும். மூன்று மணிநேரப் புயல் 25 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தண்ணீர் அடங்கக் காத்திருக்க வேண்டும். கவிழ்வதோ அபூர்வம், நாலைந்து ஓட்டத்தில் அகப்படாது. அப்புறம், தண்ணீரின் பிசுபிசுப்பு மாதிரியோடு சேர்ந்து சுருங்காது. சின்ன உடலில் உராய்வு கூடுதலாக வேலை செய்து, ஆட்டத்தை நிஜத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடக்கும்.

கணினிக்கு எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை. எல்லாத் திசையிலும், எல்லா வேகத்திலும், ஆயிரம் விதக் கடலில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வேகமான நிரல்கள் பிசுபிசுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆட்டத்தைத் தணிக்கும் அளவை நாம்தான் கொடுக்க வேண்டும். அது எங்கிருந்து வரும்? பெரும்பாலும் தொட்டியிலிருந்துதான்: மாதிரியைச் சாய்த்துக் கைவிட்டு, ஆட்டம் எப்படி அடங்குகிறது என்று அளப்பார்கள். அந்த எண் சற்றுப் பிசகினால், அடங்க வேண்டிய ஆட்டம் திரையில் 30 டிகிரிக்குப் போய் நிற்கும். பிசுபிசுப்பையும் சேர்த்துப் போடும் முழுக் கணக்கு இருக்கிறது. ஆனால் சில நிமிடக் கடலுக்கே நாள்கணக்கில் ஓடும்.

சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020-ல் தந்த இடைக்கால வழிகாட்டுதலும், கணினி உருவகத்தை மாதிரிச் சோதனையோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறது. சரியான நிபந்தனைதான்.

என் ஓட்டு: பெரிய கண்டெய்னர் கப்பலுக்குக் கணினி, தணிப்பு எண்ணுக்கு மட்டும் தொட்டி. தளத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் சின்ன மீன்பிடிக் கப்பலுக்குத் தொட்டியேதான்.