விசில் என்னத்துக்கு ஊதினவர்? – 40 வருடம் ஃபுட்டி பார்த்தவனின் அனுபவம்

மெல்பேர்ணில் ஃபுட்டி என்றால் அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம்தான். நான் 1985இல் இருந்து பார்க்கிறேன். ஒரே அணிதான். அப்போது அதன் பெயர் ஃபுட்ஸ்கிறே. 1997 பருவத்தில் இருந்து வெஸ்டர்ன் புல்டோக்ஸ். இவ்வளவு காலம் ஒன்றைப் பாவித்தவன் என்ற முறையில், எது இன்னும் உறுதியாக இருக்கிறது, எது தேய்ந்துவிட்டது என்று எழுதிவைக்கிறேன். ஊரில் இருந்து புதிதாக வந்த பிள்ளைகள் "ஒருக்காப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

83க்குப் பிறகு இலங்கையை விட்டு வந்த குடும்பம் எங்களுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த கிழவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை அவர் என்னை வெஸ்டர்ன் ஓவலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காற்று ஒரே பக்கமாக அடிக்கும் மைதானம் அது. அங்கே ஓரத்தில் டக் ஹோக்கின்ஸ் ஓடுவதைப் பார்க்கவே சனம் வரும். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. கிழவர் விரல்களை மடக்கி மடக்கிச் சொல்லித்தந்தார். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பம் வரை தவறினால் ஒன்று. உதைத்து வந்த பந்தை நிலத்தில் விழமுன் பிடித்தால் அது மார்க்; நின்று நிதானமாக உதைக்கலாம். பந்தோடு ஓடி அகப்பட்டால் உடனே விட வேண்டும், விடாவிட்டால் பந்து மற்றவனுக்கு.

அவ்வளவுதான். முதல் கால்பகுதி முடியவே எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாம் கால்பகுதியில் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அகப்பட, சனத்தோடு சேர்ந்து நானும் "போல்!" என்று கத்தினேன். இந்த நாட்டில் நான் உரத்துச் சொன்ன முதல் ஆங்கிலச் சொல் அதுதான்.

தேயாத பக்கத்தை முதலில் சொல்கிறேன். மார்க் பிடிக்க ஒருவன் மற்றவனின் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பும் அந்த ஒரு கணம் 40 வருடத்திலும் எனக்குப் பழகிப்போகவில்லை. உடம்பு எப்படி இருந்தாலும் இந்த ஆட்டத்தில் ஒரு இடம் உண்டு. 163 சென்ரிமீற்றர் உயரமான எங்கள் டோனி லிபெரடோரே 1990இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். வகுப்பிலேயே கட்டையானவனாக இருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது. 1989இல் எங்கள் அணியை ஃபிற்ஸ்ரோய் என்ற இன்னொரு அணியோடு இணைத்துவிடப் பார்த்தபோது, மேற்குப் பகுதிச் சனம் வீடு வீடாகத் தகரம் குலுக்கிக் காசு சேர்த்து, நீதிமன்றம் வரை போய், அணியைக் காப்பாற்றியது. அம்மா தையல் காசில் ஐந்து டொலர் போட்டார். அதனால்தான் 2016 ஒக்டோபர் 1ஆம் திகதி, 62 வருடங்களுக்குப் பிறகு சிட்னியை 22 புள்ளிகளால் வென்று கிண்ணத்தை எடுத்தபோது, அது எங்கள் வீட்டுக் கிண்ணமாகவும் இருந்தது. முழங்கால் உடைந்து ஆட முடியாமல் போன தலைவர் பொப் மேர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டு, பயிற்சியாளர் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். மெல்பேர்ண் எம்.சி.ஜி. மைதானத்தில் என் வரிசையில் அழாதவர் யாரும் இல்லை.

இனிக் குறை.

போன பருவத்தில் தங்கையின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்து மூன்று மாதம். கிழவர் எனக்குச் செய்ததை நான் இவனுக்குச் செய்ய வேண்டும் என்று ஆசை. பத்து நிமிடத்துக்குள் கேட்டான்: "மாமா, இப்ப என்னத்துக்கு விசில் ஊதினவர்?" எதிரணிக்காரன் மார்க் பிடித்த இடத்தில் எங்கள் ஆள் ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டான். 2021இல் கொண்டுவந்த விதி அது: "ஸ்டாண்ட்" என்று மத்தியஸ்தர் கத்தினால் சிலையாக நிற்க வேண்டும். நகர்ந்தால் 50 மீற்றர் தண்டனை. "ஒரு அடிக்கு ஐம்பது மீற்றரோ?" என்றான். அந்தத் தண்டனையில் எதிரணி கோல் அடித்தது.

அடுத்த விசிலுக்கும் கேட்டான். பந்தை வைத்திருந்தவனுக்கு அகப்பட முன்பே அதை விட வாய்ப்பிருந்ததா இல்லையா என்பது மத்தியஸ்தரின் கணிப்பு என்றேன். ஒரே மாதிரி இரண்டு பிடி. ஒன்றுக்கு ஊதினார், மற்றதற்கு ஊதவில்லை. மூன்றாவது தரம் கேட்டபோது எனக்கே தெரியவில்லை. 40 வருடம் பார்த்தவன் சொல்கிறேன், தெரியவில்லை. 2024இல் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே, பந்தை விடுவதற்கு வீரர்களுக்குக் கிடைக்கும் அவகாசத்தை இறுக்கினார்கள். ஏப்ரலில் சரியாக இருந்தது ஜூனில் பிழை.

இது ஏன் இப்படி ஆனது என்று யோசித்திருக்கிறேன். மாற்று வீரர்கள் கூடக்கூட, களைத்தவன் வெளியே வர, களைக்காதவன் உள்ளே போக, இரண்டு அணியிலுமாக 36 பேரும் பந்து போகும் இடமெல்லாம் மொய்க்கத் தொடங்கினார்கள். ஒரு ஆட்டத்தில் ஒரு அணி மட்டும் நூறு தடவைக்கு மேல் ஆள் மாற்றியது. 2014இல் 120 என்று வரம்பு போட்டார்கள், 2016இல் 90, 2021இல் 75. அதை இன்னும் குறைத்திருந்தால் களைப்பே மைதானத்தைத் திறந்துவிட்டிருக்கும் என்பது என் எண்ணம். லீக்கை நடத்துகிறவர்களோ வருடத்துக்கு ஒரு விதி சேர்த்தார்கள். நடுவில் தொடங்கும்போது யார் எங்கே நிற்பது என்று 2019இல் கோடு கீறினார்கள். மத்தியஸ்தர் பந்தை நிலத்தில் ஓங்கி அடித்து எழுப்பும் அந்தப் பழைய தொடக்கத்தையும் 2026இல் இருந்து நடுவட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். கிழவர் என்னை முழங்கையால் இடித்து, "இப்ப பார்" என்று சொல்லும் தருணம் அது.

எல்லா மாற்றத்தையும் நான் எதிர்க்கவில்லை. தலையில் அடிபட்டவனை உடனே வெளியே எடுத்துக் குறைந்தது 12 நாள் ஆடவிடாமல் வைப்பது சரி. மத்தியஸ்தரைத் திட்டினால் தண்டனை என்பதும் சரி.

தொழில்நுட்பத்தையும் நம்பிப் பார்த்தேன். 1997இல் இறுதியாட்டத்துக்கு முந்திய ஆட்டத்தில் லிபெரடோரே உதைத்தது கோல் என்று கையை உயர்த்திக் கொண்டாடினார். ஒரு புள்ளி என்றார்கள். அடிலெய்டிடம் இரண்டே புள்ளியில் தோற்றோம். 2012இல் காணொளி மீளாய்வு வந்தபோது, இனி எவருக்கும் அப்படி நடக்காது என்று ஆறினேன். 2023 ஓகஸ்ட்டில் அதே அடிலெய்டுக்கு நடந்தது. கோலுக்குள் போன பந்து கம்பத்தில் பட்டது என்றார்கள், மீளாய்வே கேட்கவில்லை, ஒரு புள்ளியில் தோற்றார்கள். பிழை என்று பிறகு ஒத்துக்கொண்டார்கள். அன்று அடிலெய்டுக்காரருக்காக என் நெஞ்சு உண்மையாகவே நொந்தது.

அட்டவணையும் நேர்மையாக இல்லை. 18 அணி, ஒவ்வொன்றும் 23 ஆட்டம். 17 அணியோடு ஒருதரம், ஆறு அணியோடு இரண்டாம் தரம். அந்த ஆறு யார் என்பதிலேயே ஒரு அணியின் வருடம் தீர்ந்துவிடலாம். சனிக்கிழமை 2.10 ஆட்டமும் அருகிவிட்டது. வியாழன் இரவு முடிந்து ரயில் பிடித்து வீடு வர, பள்ளிக்குப் போகும் பிள்ளையை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?

ஒரு அடி நகர்ந்ததற்கு விசில் ஊதுகிறவர்கள் ஊதாமல் விட்டவைதான் எனக்கு ஆறாதவை. சிட்னியின் அடம் கூட்ஸ், இரண்டு பிரவுன்லோ வென்ற பழங்குடி வீரர். 2015இல் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கூ அடித்தார்கள். எனக்குப் பின்வரிசையிலும் அடித்தார்கள். எட்டு வயது மகன் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, அவர் என்ன பிழை விட்டவர்?" என்று கேட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். எழும்பி அவர்களிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டும். கூட்ஸ் அந்த வருடத்தோடு விளையாட்டை விட்டார். லீக்கும் 18 அணிகளும் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

அதே மகன் பதினொரு வயதில், சாப்பாட்டு மேசையில் வைத்து, "டோக்ஸ் இரண்டு டொலர் நாற்பது" என்றான். பந்தய விகிதம். முன்வரிசையில் யார் ஆடுகிறார்கள் என்று தெரியாது, விகிதம் தெரியும். தொலைக்காட்சி இடைவேளை விளம்பரம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. இணையச் சூதாட்ட விளம்பரத்தை மூன்று வருடத்தில் முழுதாக நிறுத்தச் சொல்லி 2023இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அதை அப்படியே செய்திருக்க வேண்டும்.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போங்கள். வீட்டில் இருந்து பார்க்காதீர்கள், மைதானத்துக்கே போங்கள். பகல் ஆட்டமாக எடுங்கள். கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருந்தால் பந்து உங்களை நோக்கி வளைந்து வருவது தெரியும். சில ஆட்டங்கள் முடிந்த பிறகு சனத்தை மைதானத்துக்குள் விடுகிறார்கள், பந்தும் கொண்டுபோங்கள். மருமகனோடு அன்று இறங்கினேன். பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, கையால் எறியாமல் காலுக்கு மேலே விழவிடச் சொன்னேன். முதல் நாலும் கோணலாகப் போயின. ஐந்தாவது பின்பக்கமாகச் சுழன்றபடி நேராக என் நெஞ்சுக்கு வந்தது. எத்தனையோ குடும்பங்கள், எத்தனையோ பந்துகள், யாரும் யாரோடும் மோதவில்லை. இருபது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்கள். "இன்னும் ஒண்டு மாமா" என்று கேட்டுக்கொண்டு அவன் பின்னுக்குப் போய்நின்றான்.