மைதானத்துத் தண்ணீர்: வடிகாலில் விடலாமா, உறை கிணற்றில் இறக்கலாமா?

சென்னையில் தெருவுக்குத் தெரு புது மழைநீர் வடிகால் வந்தது நல்லதுதான். ஆனால் சின்ன விளையாட்டு கிளப்புகளுக்கு அதோடு ஒரு தலைவலியும் வந்தது. சாலை ஏற்கெனவே உயர்ந்துவிட்டது, வடிகாலும் அந்த மட்டத்துக்கே கட்டப்பட்டது, மைதானம் மட்டும் பள்ளத்தில். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அரசு சொன்னது. சரி, அதற்கு முன் ஏறியது ஏறியதுதானே.

திருவான்மியூர் பக்கம் நாங்கள் ஆடும் மைதானத்துக்கு இரண்டு வழி இருந்தது: குழாய் பதித்து வடிகாலில் இணைப்பது, அல்லது பள்ளமான மூலையில் உறை கிணறு, அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடும் வளையக் கிணறு, இறக்குவது. நாங்கள் கிணற்றுக்குப் போனோம்.

வடிகால் இணைப்பில் தண்ணீர் சீக்கிரம் போகும், இடமும் அடைக்காது. ஆனால் பெருமழையில் வடிகாலே நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து மைதானத்துக்கே வரும். சாக்கடை கலந்திருந்தால் அதுவும் சேர்ந்து. ஒருவழி மூடி போடலாம், ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் அது மூடாது.

எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். மழைக்கு முன் மாநகராட்சி தூர் வாருவது வடிகாலை. மைதானத்திலிருந்து போகும் குழாய் நம் தலையில். மண்ணுக்கடியில் அடைத்தால் எங்கே என்று தெரியாது, தேடித் தோண்டினால் அவுட்ஃபீல்டு போச்சு. கிணற்றில் எல்லாம் கண்ணெதிரே. தண்ணீர் முதலில் வண்டல் தொட்டியில் விழுகிறது. இலை, கிழிந்த டென்னிஸ் பந்து, பிட்ச்சிலிருந்து கரைந்து வரும் மண் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் நாலு பேர் மண்வெட்டியோடு இறங்கினால் மதியத்துக்குள் தொட்டி காலி. சந்தாவில் ஓடும் கிளப்புக்குக் கூலி ஆள் தேடாமல் முடிகிற வேலை என்றால் சும்மாவா? கிணற்றுக்குக் காங்கிரீட் மூடியும் பூட்டும் கட்டாயம். பந்து பொறுக்கப் பிள்ளைகள் ஓடுகிற இடம்.

இதெல்லாம் கடலோர மணலுக்குச் சொன்னது. வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற களிமண் பகுதியில் கிணறு குடிக்காது. அங்கே வடிகால் இணைப்பே மேல்.

2023 மிக்ஜாம் புயல் மாதிரி ஒரு மழையை எங்கள் கிணறு இன்னும் பார்க்கவில்லை. டிசம்பரில் நிலத்தடி நீர் மேலேறினால் உறிஞ்சும் வேகமும் குறையும். சாதாரண மழைக்கு மறுநாள் சாயங்காலமே வாலிபால் ஆட முடிகிறது. கிரிக்கெட்டில் லாங் ஆன் ஃபீல்டர் நிற்கும் பக்கம் மட்டும் இன்னும் சொதசொதப்பு. அங்கேயும் ஒரு கிணறு போடுவதா என்று கமிட்டியில் பேச்சு ஓடுகிறது.