கையில் பிடிக்கக் கிடைத்த டி.என்.ஏ.: ஒரு மாதிரிப் பெட்டியின் மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்கு மாலை நேரங்களில் உயிரியல் சொல்லித் தருகிறேன். மரபியல் பாடம் வந்தால் டி.என்.ஏ.வைக் காட்டக் கரும்பலகையில் ஓர் ஏணியை வரைந்து, பக்கத்திலேயே அதை முறுக்கியும் வரைந்து காட்டுவேன். ஏணியின் படிகளாக இணையும் நான்கு வேதிப்பொருள்களை ‘அடினைனுடன் தைமின், குவானைனுடன் சைட்டோசின்’ என்று பிள்ளைகள் தவறாமல் எழுதிவிடுவார்கள். அடினைனுடன் குவானைன் ஏன் சேராது என்று கேட்டால் மட்டும் வகுப்பே மௌனமாகிவிடும். அந்த மௌனம் தாங்காமல்தான் சென்ற ஜூன் மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்விப் பொருட்கள் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து, டி.என்.ஏ. மாதிரியைத் துண்டு துண்டாகக் கோத்துக் காட்டும் இந்தப் பெட்டியை வாங்கினேன். டி.என்.ஏ.வின் அமைப்பைக் கற்பிக்க இது அருமையான கருவி. புரதம் உருவாகும் விதத்தைக் கற்பிக்க இதை அப்படியே நம்பக் கூடாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அடினைன், குவானைன் துண்டுகள் நீளமானவை. தைமின், சைட்டோசின் துண்டுகள் குட்டையானவை. இரண்டு நீளத் துண்டுகளை எதிரெதிரே வைத்தால் இரு இழைகளுக்கும் இடையில் இடம் போதாது. இரண்டு குட்டைத் துண்டுகளை வைத்தால் ஒன்றையொன்று எட்டாது. அப்படியானால் அடினைனும் சைட்டோசினும் சேரலாமே என்று ஒரு மாணவி முயன்றாள். அகலம் சரியாக இருந்தது. ஆனால் அடினைனில் இரண்டு முளைகள், சைட்டோசினில் மூன்று துளைகள், அவற்றின் இடைவெளியும் வேறு. கட்டைவிரல் சிவக்கும் வரை அழுத்திவிட்டு, “டீச்சர், இது உள்ளே போகவே மாட்டேங்குது” என்றாள். அடினைன்–தைமின் இணையில் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள், குவானைன்–சைட்டோசின் இணையில் மூன்று என்று நான் பல வருடங்களாகச் சொல்லிவந்தது அன்றுதான் அவள் கைக்குப் புரிந்தது. பெட்டியில் உள்ள 24 இணைகளையும் கோத்துத் திருகினால், சுற்றுக்கு ஏறக்குறைய பத்து இணைகள் என்ற கணக்கில், வலப்புறமாக இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் வருகிறது. இடப்புறமாகத் திருக முடியாதபடி செய்திருப்பதைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

இந்தப் பகுதியில் ஒரே ஒரு குறை, ஆனால் சிறியதல்ல. டி.என்.ஏ.வின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. பெட்டியில் இழைகளாகக் கோக்கப்படும் சர்க்கரை–பாஸ்பேட் துண்டுகளில் திசைக் குறியே கிடையாது. நான் நகப்பூச்சால் ஒவ்வொரு துண்டிலும் அம்புக்குறி போட்டுவிட்டேன். வாங்குபவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது.

அடுத்தது படியெடுத்தல், அதாவது டி.என்.ஏ.விலுள்ள செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. என்ற இழையாக நகலெடுப்பது. தூது ஆர்.என்.ஏ. இழைக்கு வேறு நிறமும், தைமினுக்குப் பதிலாக யுராசில் துண்டும் உண்டு. பெட்டியின் கையேட்டில் இல்லாத பயிற்சி ஒன்றை நானே வைத்தேன். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்துக்கு உரிய வார்ப்பு இழையை (நகலெடுக்கப்படும் டி.என்.ஏ. இழையை) ஆங்கில முதலெழுத்துகளில் சி–டி–சி என்று கோத்து, அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. எடுத்தால் ஜி–ஏ–ஜி வரும்; அது, புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களுள் ஒன்றான குளுட்டாமிக் அமிலத்தின் குறியன், அதாவது அதைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறி. பிறகு நடுவிலுள்ள தைமினைக் கழற்றி அடினைனை வைக்கச் சொன்னேன். இப்போது கிடைத்தது ஜி–யூ–ஜி, அதாவது வேலின். இந்தப் பெட்டியில் நீரை விரும்பும் அமினோ அமிலங்களுக்குச் சிவப்பு மணி, நீரை ஒதுக்குபவற்றுக்கு மஞ்சள் மணி. 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியில் ஒரே ஒரு சிவப்பு மணி மஞ்சளாகிறது. அதனால் ஆக்சிஜனை விட்டுவிட்ட ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. கதிர் அரிவாள் இரத்தசோகை எங்களுக்கு வெறும் புத்தக நோயல்ல. எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியிலும், வயநாட்டிலும், நீலகிரியிலும் பழங்குடி மக்களிடையே இருக்கும் நோய். அந்த ஒரு மணியை மேசை மீது வைத்து அதைப் பற்றிப் பேச முடிந்ததற்காகவே கொடுத்த பணம் எனக்குத் தகும்.

புரதம் கோக்கப்படும் இடமான ரைபோசோமைக் காட்டும் தட்டுக்கு வந்ததும் பெட்டி தடுமாறுகிறது. குறியனுக்கு உரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ. துண்டுகளின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் ஒரே வடிவம். எழுத்து மட்டும்தான் வேறு. ஆகவே எந்தக் குறியனிலும் எந்தத் துண்டும் உட்கார்ந்துவிடும். தவறான இணை சேராது என்பதுதானே முதல் பகுதியின் உயிர்? அது இங்கே கைவிடப்பட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மொத்தம் 64 குறியன்களில் 61 அமினோ அமிலங்களுக்கு உரியவை. லியூசினுக்கு மட்டும் ஆறு. பெட்டியிலோ அமினோ அமிலத்துக்கு ஒன்று என 20 துண்டுகள்தான். இதைவிடப் பெரிய பிழை, புரதம் முடியும் இடத்தைக் காட்டும் யூ–ஏ–ஏ, யூ–ஏ–ஜி, யூ–ஜி–ஏ என்ற மூன்று நிறுத்தக் குறியன்களுக்கும் மணி இல்லாத கடத்து ஆர்.என்.ஏ. ஒன்றைக் கொடுத்திருப்பது. அந்த இடத்தில் வந்து அமர்வது ஒரு புரதம்; கடத்து ஆர்.என்.ஏ. அல்ல. அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட்டு, களிமண்ணில் அந்தப் புரதத்தை நாங்களே செய்துகொண்டோம். யுராசில் துண்டுகளை மட்டும் கோத்து, 1961இல் உயிர்வேதியியலாளர்கள் நிரென்பெர்க்கும் மத்தேயும் கண்டதுபோல ஃபினைல்அலனின் மணிகளாகவே வருவதைப் பார்க்கும் பயிற்சிக்கு மட்டும் தட்டு குறையின்றி உதவுகிறது.

உயிரித் தொழில்நுட்பத்துக்கு பாக்டீரியாவிலுள்ள சிறு வட்ட டி.என்.ஏ.வான பிளாஸ்மிட்டைக் காட்டும் ஒரு காகித வளையம் இருக்கிறது. ஜி–ஏ–ஏ–டி–டி–சி வரும் இடத்தில் எக்கோ ஆர் ஒன் என்ற நொதி டி.என்.ஏ.வை வெட்டுவது போலப் படிக்கட்டாக வெட்டினால் இரு முனைகளிலும் நான்கு எழுத்துகள் நீட்டிக்கொண்டு நிற்கும். அதே நொதியால் வெட்டிய துண்டு அங்கே பொருந்தும். இது தெளிவாக இருக்கிறது. ஆனால் ‘இன்சுலின் மரபணு’ என்று அச்சிட்ட பட்டையில் 12 இணைகளே உள்ளன. இன்சுலினின் 21 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய சங்கிலிக்கே, அமினோ அமிலத்துக்கு மூன்று வீதம், 63 இணைகள் வேண்டும். பெரிய சங்கிலிக்கு இன்னும் 90. 1978இல் இவ்விரு சங்கிலிகளையும் தனித்தனியே பாக்டீரியாவில் உருவாக்கிப் பிறகு இணைத்தார்கள் என்ற வரலாற்றையும் கையேடு சொல்லவில்லை. கையேடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருப்பதால் தமிழில் எட்டுப் பக்கம் நானே எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் நான்கு முளைகள் உடைந்தன, நான்கும் குவானைனில். உதிரித் துண்டுகள் தனியே கிடைக்குமா என்று கடையில் கேட்டேன்; முழுப் பெட்டியாகத்தான் விற்கிறார்களாம். எனவே பிள்ளைகள் இணைகளைக் கழற்றும்போது வளைத்து இழுக்காமல் நேராக இழுக்கச் சொல்லிப் பழக்குங்கள்.