லண்டன் காசும் வைஸும்: திருமலையில் இருந்து ஒரு அனுபவம்

வெம்பிளியில் ஒரு கடைக்கு இங்கே திருகோணமலையில் இருந்தபடி கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், சம்பளம் பவுண்ஸில். கொஞ்சக் காலமாக முதலாளி வைஸ் (Wise) என்கிற, வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும் இணையச் சேவை மூலம்தான் அனுப்புகிறார் (முந்தி ட்ரான்ஸ்பர்வைஸ் என்று இருந்தது, 2021 இல் பெயரைச் சுருக்கினார்கள்). எனக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

முக்கிய காரணம், எவ்வளவு வெட்டுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கட்டணத்தைத் தனியாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைச் சந்தையின் நடு விலைக்கே, அதாவது வாங்குகிற விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் இருக்கிற விலைக்கே மாற்றுகிறார்கள். அனுப்புவதற்கு முதலே எனக்கு எத்தனை ரூபாய் விழும் என்று முதலாளியின் போனில் வந்துவிடும், அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். இதற்கு முதல் நான் காசு எடுத்த இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே கொமிஷன் இல்லை என்று போர்டு தொங்கும், ஆனால் விலையில் கை வைப்பார்கள். பவுணுக்கு 4 ரூபாய் குறைத்தாலே 500 பவுண்ஸுக்கு 2,000 ரூபாய் போய்விடும், ரசீதில் அது ஒரு வரியாகக்கூட வராது. கேட்டால் "இண்டைக்கு ரேட் இதுதான் தங்கச்சி" என்பார்கள். உழைத்த காசில் எவ்வளவு போனது என்று தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

அம்மப்பாவின் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. டொக்யார்ட் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர், 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் வரைக்கும் கப்பல்காரர்தான் அவருடைய வாடிக்கை. ரூபாய் கையில் இல்லாதவன் ஷில்லிங்கில் கொடுப்பானாம். அப்போது ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதாவது ஒரு பவுணுக்கு 13 ரூபாய் 33 சதம், நேற்றும் நாளைக்கும் அதே விலைதான், யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண், ஆக மொத்தம் 240 பென்னி என்று அம்மம்மா மனக்கணக்கில் சொல்லுவா. 1971 பெப்ரவரியில் இங்கிலாந்தே அதை விட்டு 100 பென்ஸுக்கு மாறியதை அவ கடைசி வரைக்கும் ஏற்கவில்லை.

அந்தக் காசுகள் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. உள்ளங்கையை நிரப்புகிற செம்புப் பென்னி, ஒரு பக்கம் சூலத்தோடு உட்கார்ந்திருக்கிற பிரிட்டானியா, மறுபக்கம் ராசாவின் முகம் தேய்ந்து காது மட்டும் மிச்சம். 1942 என்று போட்ட அரைக் கிரவுண் (இரண்டரை ஷில்லிங் காசு) ஒன்றும் இருக்கிறது. 1920 தொடக்கம் 1946 வரை அடித்த அரைக் கிரவுணில் கலந்த உலோகத்தில் பாதி வெள்ளி, 1947 இல் இருந்து வெள்ளியே இல்லை. உங்கள் வீட்டிலும் இருந்தால் ஆண்டைப் பார்க்காமல் யாருக்கும் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

சரி, வைஸில் அரைப் புள்ளி ஏன் குறைத்தேன் என்றால், காசைக் கையில் எடுக்க முடியாது. வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதுவும் ரூபாயாக. கணக்கே இல்லாத வயதான ஆட்களுக்கு அடையாள அட்டையைக் காட்டிக் காசு எடுக்கிற பழைய கவுண்டர்தான் வசதி. பவுண்ஸைப் பவுண்ஸாகவே வைத்திருக்க விரும்பினால் வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறந்து நேரடியாக எடுப்பிக்க வேண்டும், ஆனால் இடையில் நிற்கிற வங்கிகளும் தங்கள் பங்கை வெட்டக்கூடும், அதை முதலே கேட்டுவிடுங்கள். அனுப்புகிறவருக்கு உங்கள் பெயரைக் கொடுக்கும்போது வங்கிப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே கொடுங்கள், வீட்டுப் பெயர் வேண்டாம்.

கோயில் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர் கையில் தருகிற நோட்டிலும் கவனம். பழைய காகித 20, 50 பவுண் நோட்டுகள் 2022 செப்டெம்பர் 30 உடன் செல்லாமல் போய்விட்டன, வட்டமான ஒரு பவுண் குற்றி 2017 ஒக்டோபரிலேயே போய்விட்டது. நோட்டு என்றால் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பாங்க் ஒஃப் இங்கிலாந்து எந்தக் காலத்துத் தன் நோட்டையும் மாற்றித் தரும்.