திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனை: விழித்திரை டாக்டருக்கு ஐந்து நட்சத்திரம், டோக்கன் கவுண்டருக்கு ஒன்று

அப்பாவுக்கு 76 வயது, ஊர் வீரவநல்லூர் பக்கம். ஒருநாள் காலையில் பேப்பரை விரித்தவர், "வலது கண்ணுல நடுவுல மை கொட்டின மாதிரி இருக்குடே" என்றார். கதவு நிலை நெளிந்து தெரிகிறது என்று ஒரு மாதமாகவே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார், அம்மா சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் ஒருவரிடம் காட்டினோம், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, புரை முற்றட்டும், பிறகு வாங்க என்றார். அதில் நாலு நாள் போச்சு.

திருநெல்வேலிக்கு வந்தால் கவுண்டரில் கண்ணாடி மாற்ற வந்தவர்களோடு சேர்த்து ஒரே வரிசை. திடீரென்று மறைக்குது என்று சொல்லியும் "உக்காருங்க, கூப்பிடுவோம்" தான். மதியம் இரண்டு மணிக்குத்தான் விழித்திரைப் பிரிவுக்குள் விட்டார்கள். கேன்டீன் இட்லி சுமார், அதை விடுங்கள்.

டாக்டரம்மா ஸ்கேனைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். வயதானால் விழித்திரையின் நடுப்பகுதியான மேக்குலா தேயும், சிலருக்கு அதன் அடியில் பலமில்லாத புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும், உடைந்தால் ரத்தம் அங்கேயே தேங்கும். ரத்தத்திலுள்ள இரும்பு பார்வை செல்களுக்கு நஞ்சு, உறைந்தால் செல்களைப் பிய்க்கும், அடியிலிருந்து வரும் சத்தையும் தடுக்கும். அப்பா உடனே, "பிசான நெல் நடவுல நாத்து தண்ணில முங்கின மாதிரியாம்மா?" என்று கேட்டார். "அதேதான் ஐயா, ரெண்டு வாரத்துக்குள்ள வடிச்சாத்தான் பலன் அதிகம்" என்றார். இவ்வளவு அவசரமான விஷயத்துக்கு வாசலில் ஒருவரும் அவசரப்படவில்லை என்பதுதான் என் கோபம்.

மறுநாளே கண்ணுக்குள் ஊசி. மாரடைப்பில் ரத்தக் கட்டியைக் கரைக்கப் போடும் டிபிஏ மருந்து துளியளவு, கூடவே கட்டியை நடுவிலிருந்து ஒதுக்கித் தள்ள ஒரு வாயுக் குமிழி. பிறகு சில நாள் தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அப்பா பேசாத பேச்சில்லை. வாயு கரையும்வரை விமானம் கூடாது, மலையேறினால் குமிழி விரிந்து கண் அழுத்தம் ஏறும் என்றார்கள், கொடைக்கானல் திட்டம் ரத்து. இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய டாக்டரிடம் கேளுங்கள் என்று எழுதியே கொடுத்தார்கள்.

குழாய் மறுபடி கசியாமலிருக்க மாதம் ஒரு ஊசி. விலை கூடிய ரானிபிசுமாப், விலை குறைந்த அவாஸ்டின் இரண்டையும் சொன்னார்கள். அவாஸ்டின் புற்றுநோய்க்காக வந்த மருந்து, கண்ணுக்கென்று அனுமதி வாங்கியதல்ல, ஆனாலும் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரண்டிலும் பார்வைப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும் மறைக்கவில்லை. எதையும் தலையில் கட்டவில்லை. நாங்கள் அவாஸ்டின் போட்டோம்.

மூன்று ஊசி முடிந்துவிட்டது. அந்தக் கண்ணால் ஆள் முகம் தெரிகிறது, தலைப்புச் செய்தி வாசிக்கிறார், பொடி எழுத்து தெரியவில்லை. பழையபடி வரும் என்று யாரும் ஆசை காட்டவுமில்லை.

நீங்கள் போவதாக இருந்தால் கவுண்டரில் உட்காராதீர்கள், "நடுப்பார்வை திடீர்னு போச்சு, ரெட்டினா டாக்டரை இப்பவே பாக்கணும்" என்று சத்தமாகவே சொல்லுங்கள். இடது கண்ணுக்காக ஒரு கட்டம் போட்ட அட்டை தந்திருக்கிறார்கள். காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். தினமும் காப்பிக்கு முன்னால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்பா அதைப் பார்க்கிறார், கோடு எதுவும் வளைகிறதா என்று.