வாசலிலேயே பழக்குவதா, மைதானத்துக்குக் கொண்டுபோவதா?

தத்தெடுத்து வந்த நாய் வாசலைத் தாண்ட மறுத்தால் இரண்டு வழி உண்டு. ஒன்று, கேட்டைத் திறந்து வைத்து, கயிற்றைத் தளர்வாகப் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துகொள்வது. வாலைச் சுருட்டிக்கொண்டு உதட்டை நக்குகிறதா, தூக்கக் கலக்கமே இல்லாதபோதும் கொட்டாவி விடுகிறதா? பயம் இன்னும் போகவில்லை, இழுக்காதீர்கள். தானாக ஓர் அடி வைத்தால் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. நாளாகும்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே.

இன்னொன்று, விடியற்காலையில் காரில் ஏற்றி ஆளில்லாத மைதானத்துக்குக் கொண்டுபோவது. ஹாரன் சத்தமும் தெருநாய்களும்தான் தொல்லை என்றால் இது சீக்கிரம் கைகொடுக்கும். காரைக் கண்டாலே நடுங்கினால் வேண்டாம்.

எதுவானாலும் கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாதீர்கள். மிரண்டு பின்வாங்கினால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உடம்போடு பொருந்துகிற ஹார்னஸ் (மார்பையும் முதுகையும் சுற்றிக் கட்டும் பட்டை) மாட்டுங்கள்.